கமிட்டியில் ஒரு நாற்காலி போதுமா? குணமாகாத புற்றுநோய்ப் பராமரிப்பில் நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் வழிகள்

அக்காவுக்கு வந்த கருத்துப் படிவத்தில் 11-வது கேள்வி இது: "சிகிச்சை முடிந்த பிறகு கவனிக்க வேண்டியவை பற்றி உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா?" ஆம், ஓரளவு, இல்லை என்று மூன்று கட்டங்கள். அக்கா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மார்பகத்தில் தொடங்கி எலும்புக்குப் பரவிய புற்றுநோய் அவளுக்கு. தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், அந்த மாத்திரை கேட்காமல் போனால் அடுத்த மாத்திரை. "முடிஞ்ச பிறகுன்னா எது முடிஞ்ச பிறகு? நான் முடிஞ்ச பிறகா?" என்றாள். கடைசியில் மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு, ஓரத்தில் "இன்னும் முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பதிலை யாரும் எந்தக் கணக்கிலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து, அக்கா சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த அதே புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளும் குடும்பத்தினரும் சேர்ந்த ஆலோசனைக் கமிட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். அக்கா உறுப்பினர், நான் துணைக்குப் போனவன். பிறகு நானும் உறுப்பினர் ஆனேன். இப்போது அக்கா இல்லை, நான் மட்டும் போகிறேன். இதனால் வேறு இடங்களில் வேலை செய்யும் நர்ஸ்களும் டாக்டர்களும் அவ்வப்போது கேட்பார்கள்: "நாங்களும் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறோம். கமிட்டி எப்படி அமைப்பது?" பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறார்கள். கமிட்டி பல வழிகளில் ஒன்று. இந்த நோய்க்கு அது முதல் வழியாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

எதை வைத்து ஒப்பிடுவது

மருத்துவமனைகளுக்கு இரண்டு விதமான புற்றுநோயாளிகளை நன்றாகத் தெரியும். ஒருவர் சிகிச்சை முடிந்து குணமாகி வீட்டுக்குப் போகிறவர். இன்னொருவர் கடைசி வாரங்களில் இருப்பவர். நடுவில் இருக்கும் பெரிய கூட்டத்துக்குத்தான் சரியான பெயர்கூட இல்லை. பரவிய மார்பகப் புற்றுநோய், எலும்புக்குப் போன புராஸ்டேட் புற்றுநோய், மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய், குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளுக்குக் கட்டுப்படும் சில வகை நுரையீரல் புற்றுநோய் என்று இவர்கள் பல விதம். நோய் போகாது, ஆனால் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் இருக்கும். 2001-இல் இமாடினிப் வந்தபோது ஒருவகை ரத்தப் புற்றுநோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வாழ்கிற நோயாக மாறியது. அதன் பிறகு இப்படி வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது.

இவர்களைச் சேர்த்துக்கொள்வதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இவர்கள் பராமரிப்பை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். ஐந்து வருஷம் ஒரே வார்டுக்கு வந்து போனவருக்கு எந்த நர்ஸ் கை வைத்தால் நரம்பு முதல் குத்தலிலேயே கிடைக்கும் என்பதுகூடத் தெரியும். அதே சமயம், அடுத்த மாதம் எப்படி இருப்போம் என்று சொல்ல முடியாதவர்கள். அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் மூன்று விஷயம் கேட்பேன். நடுவில் ஒருவர் படுத்துவிட்டால், அல்லது இறந்துவிட்டால், அந்த வழி தாங்குமா? சொன்னதைக் கேட்பவருக்கு எதையாவது மாற்றும் அதிகாரம் இருக்கிறதா? நோயாளியும் வீட்டாரும் தனித்தனியாகப் பேச இடம் உண்டா? இதில் முதல் கேள்வியை யாருமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

படிவம்

படிவத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆயிரம் பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்கவும், போன வருஷத்தோடு இந்த வருஷத்தை வைத்துப் பார்க்கவும் அதைவிட மலிவான வழி இல்லை. இங்கிலாந்தில் 2010-இல் தொடங்கிய புற்றுநோயாளிகளின் அனுபவக் கருத்தாய்வு, மருத்துவமனை வாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. தன் மருத்துவமனை பக்கத்து மருத்துவமனையைவிடக் கீழே நிற்பதைப் பார்க்கும் நிர்வாகி கொஞ்சமாவது அசைவார்.

ஆனால் படிவத்தை நிரப்பி அனுப்புபவர், அனுப்பும் தெம்பு உள்ளவர். ரொம்ப முடியாதவர்களின் கதை அதில் வராது. கேள்விகளை எழுதியவருக்குத் தோன்றாத விஷயமும் வராது. அக்காவின் 11-வது கேள்வி அப்படிப்பட்டது. செலவு குறைந்த ஒரு திருத்தம் சொல்கிறேன்: படிவத்தை அச்சடிக்கும் முன் பரவிய நோயுடன் வாழும் ஐந்து பேரிடம் கொடுத்து, எங்கே பேனா நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படிவம் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கமிட்டி

எங்கள் கமிட்டியில் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஏழு நாற்காலிகள். இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம், மதியம் இரண்டரை மணிக்கு, நான்காம் மாடியில். முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் பெயர் அட்டை, கோப்பு, பேனா. ஐந்தாம் கூட்டத்தில் இரண்டு நாற்காலிகள் காலி. ஒருவர் கீமோ மாற்றிய பிறகு எழுந்து உட்கார முடியாமல் இருந்தார். இன்னொருவர், எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், மூன்று வாரம் முன்பு இறந்துபோயிருந்தார். அடுத்த மாதம் தபாலில் வந்த கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை, முன்னறிவிப்பு இல்லை" என்று இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கணினியில் அந்தப் பட்டியலில் இருந்தது இரண்டே வாய்ப்புகள்தான்: வந்தார், வரவில்லை. அக்கா அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

கமிட்டி என்ற அமைப்பின் குணமே அதில் தெரிந்தது. தொடர்ந்து வந்தால்தான் பேச்சில் பிடி கிடைக்கும். முதல் இரண்டு கூட்டம் சுருக்கெழுத்துகளைப் புரிந்துகொள்ளவே போய்விடும், மூன்றாவதில்தான் வாய் திறப்போம். தொடர்ந்து வர முடியாததுதான் இந்த நோயின் சுபாவம். அதனால் நாளடைவில் கமிட்டியில் மிஞ்சுபவர்கள் நோய் நன்றாகக் கட்டுப்பட்டவர்கள், குணமாகிவிட்டவர்கள், என்னைப் போல் வீட்டார். அப்புறம் இவர்கள் சொல்வதுதான் "நோயாளிகளின் கருத்து" என்று பதிவாகிறது.

இரண்டாவது குறை அதிகாரம். எங்கள் முதல் வருஷக் கூட்டங்களில் துறைத் தலைவர் ஒரே ஒரு முறை வந்தார், அதுவும் பத்து நிமிஷம். காத்திருக்கும் அறையின் சுவர் நிறம், வழிகாட்டிப் பலகையின் எழுத்தளவு ஆகியவற்றை எங்களிடம் கேட்டார்கள். ஸ்கேன் முடிவு சொல்ல ஏன் இத்தனை நாள் என்று நாங்கள் கேட்டதற்கு "மேலிடத்துக்குத் தெரிவிக்கிறோம்" என்றார்கள். அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக 1969-இல் வரைந்து காட்டினார். கீழே உள்ள 2 படிகள் பங்கேற்பே இல்லை என்றார். அதற்கு மேல் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது என்று 3 படிகள். அந்த மூன்றையும் அவர் வெறும் பெயரளவு என்றுதான் வைத்தார். தமிழில் இதற்கு ஒப்புக்குச் சப்பாணி என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். எங்கள் கமிட்டி நாலாவது படியில் நின்றுகொண்டு தன்னை, அதிகாரம் கைக்கு வந்துவிட்ட ஏழாவது படியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

கமிட்டியைச் சரியாக நடத்தவே முடியாதா? முடியும். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர், யாருக்கு முடிகிறதோ அவர் வரட்டும். வீட்டிலிருந்து போனில் சேர்ந்துகொள்ளலாம், படுத்துக்கொண்டேகூட. வராததற்குக் காரணம் கேட்கக் கூடாது. நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் சம்பளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், சொன்ன ஒவ்வொரு யோசனைக்கும் செய்தோம், செய்யவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். இத்தனையும் செய்யத் தயாராக இல்லாத பிரிவு கமிட்டி அமைக்காமலே இருக்கலாம். வெறும் நாற்காலி போட்டால், நோயாளிக்கு மீதமிருக்கும் நல்ல மதியங்களை வீணாக்கியதுதான் மிச்சம்.

கூட உட்கார்ந்து வடிவமைப்பது

என் மனசுக்குப் பிடித்த வழி இது. கூட்டு வடிவமைப்பு என்று சொல்லலாம். பால் பேட், க்ளென் ராபர்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் உருவாக்கியது. லூட்டன் நகர மருத்துவமனையில், தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் 2005, 2006 வாக்கில் முதலில் செய்து பார்த்தார்கள். முறை எளிது. நோயாளிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து, தடங்கல் இல்லாமல் அவர்கள் கதையைக் கேமராவில் பதிவு செய்வது. அவற்றிலிருந்து அரைமணி நேரப் படம் ஒன்றைத் தொகுப்பது. ஊழியர்களிடமும் தனியாகப் பேசுவது. பிறகு இரு தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பது. எங்கெங்கே மனசு இறங்கியது, எங்கே தூக்கி நிறுத்தியது என்று சேர்ந்து குறிப்பது. அதிலிருந்து நாலைந்து வேலைகளைத் தேர்ந்தெடுத்து, நோயாளியும் ஊழியரும் கலந்த சிறு குழுக்கள் சில மாதங்களில் செய்து முடிப்பது.

எங்கள் பிரிவில் இரண்டாம் வருஷம் இதைச் சிறிய அளவில் செய்தார்கள். எட்டு நோயாளிகள், ஆறு வீட்டார். வலியையும் மற்றத் தொல்லைகளையும் குறைப்பதுதான் தணிப்புச் சிகிச்சை. அது கடைசி நாட்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில் ஒருவர் சொன்னார்: "வலி அதிகமாயிருக்குன்னு சொன்னேன். தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. சரி, இன்னும் ரெண்டு வாரம்தான்னு நினைச்சு, வீட்டுக்குப் போய் பேங்க் பாஸ்புக்கெல்லாம் எடுத்து மகன்கிட்ட கொடுத்தேன்." அதைச் சொன்ன பிறகு மூன்று வருஷம் இருந்தார். அறையில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ், "நாங்க வலிக்காகத்தானே அனுப்பினோம்" என்றார், குரலே வரவில்லை. சீட்டில் பிரிவின் பெயருக்குக் கீழே இரண்டு வரி விளக்கம் சேர்ப்பது, சீட்டைக் கொடுக்கும் முன் "இது கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை, சிகிச்சை தொடரும், வலியை அவர்கள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள்" என்று வாயால் சொல்வது என்று அன்றைக்கே முடிவாயிற்று. கமிட்டி ஒரு வருஷத்தில் இப்படி ஒன்றைக்கூடச் செய்திருக்கவில்லை.

இன்னொன்று நடந்தது. ஊழியர்கள் எல்லாரும் மிகக் கஷ்டமான இடம் கீமோ நாற்காலி என்றுதான் நினைத்திருந்தார்கள். நோயாளிகள் குறித்த இடம் வேறு: ஸ்கேன் எடுத்ததற்கும் முடிவு தெரிவதற்கும் இடையில் இருக்கும் நாட்கள். அதிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்துவிடும், டாக்டரைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. நடுவில் நாலு ராத்திரி. புரியாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துக்கொண்டு கழியும் நாலு ராத்திரி. ரிப்போர்ட்டை டாக்டரைப் பார்க்கும் முன்பே தெரிந்துகொள்ள விருப்பமா என்று இப்போது ஸ்கேன் எடுக்கும்போதே கேட்கிறார்கள். சிலர் வேண்டும் என்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள். கேட்பதுதான் மாற்றம்.

என் முதல் கேள்விக்கு இந்த வழி நல்ல பதில் சொல்கிறது. நோயாளி ஒரு நல்ல நாளில், தன் வீட்டில் உட்கார்ந்து, ஒருமுறை சொன்னால் போதும். பிறகு அவர் படுத்துவிட்டாலும் அவர் சொன்னது தொடர்ந்து பேசும். எங்கள் படத்தில் இருக்கும் எட்டுப் பேரில் மூன்று பேர் இன்று இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அந்தப் படத்தை இன்னும் காட்டுகிறார்கள். ஆனால் ஒன்று, பதிவு செய்யும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்: நான் இல்லாத பிறகும் இதைக் காட்டலாமா, யாரைக் கேட்டு நிறுத்தலாம்? கேட்கவே சங்கடமான கேள்வி. அக்கா அதற்குப் பட்டென்று பதில் சொன்னாள். சங்கடப்பட்டது கேமராக்காரர்தான்.

குறைகளும் உண்டு. முழுதாகச் செய்ய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் கேமரா முன் வருவார்கள். ஊழியர்கள் படத்தைப் பார்த்துக் காயப்படுவார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளவும் யாராவது வேண்டும். கால அளவைக் குறைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. நோயாளிகளின் அனுபவப் பேட்டிகளைச் சேர்த்து வைக்கும் ஹெல்த்டாக் என்ற இங்கிலாந்துத் தளம் 2001 முதல் இயங்குகிறது. அங்கே ஏற்கெனவே இருந்த பேட்டிகளிலிருந்து படத்தைத் தொகுத்து, நுரையீரல் புற்றுநோய்ப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிந்தது. "இவர்கள் எங்கள் நோயாளிகள் இல்லையே" என்று ஊழியர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருப்பேன். 2014-இல் வந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. சொந்த நோயாளிகள் திட்டுவதைவிட வேறிடத்து நோயாளி சொல்வதைக் கேட்பது எளிதாக இருந்தது போலிருக்கிறது.

வாராவாரம் "எப்படி இருக்கிறீர்கள்?"

இதைப் பங்கேற்பு என்று பலர் ஏற்க மாட்டார்கள். நான் ஏற்கிறேன். நோயாளி வாரத்துக்கு ஒருமுறை வலி, குமட்டல், மூச்சு வாங்குதல், சோர்வு போன்றவற்றுக்குத் தானே மதிப்பெண் போட்டு அனுப்புகிறார். ஏதாவது கூடிவிட்டால் நர்ஸுக்குத் தகவல் போகிறது, நர்ஸ் கூப்பிடுகிறார். அவ்வளவுதான்.

இதற்கு இருக்கும் சான்று மற்ற எந்த வழிக்கும் இல்லை. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர், பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். அறிகுறிகளைத் தாங்களே பதிவு செய்தவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டது, அவசரப் பிரிவுக்கு ஓடுவது குறைந்தது. 2017-இல் வெளியான முடிவில் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26.0 மாதம். புது மருந்து ஒன்று இப்படி ஐந்து மாதம் கூட்டியிருந்தால் தலைப்புச் செய்தி ஆகியிருக்கும். அவசரப்பட வேண்டாம், பின்னால் 52 இடங்களில் 1,191 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் உடல் இயக்கமும் அறிகுறிக் கட்டுப்பாடும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. எனக்கு அதுவே போதும்.

முதல் கேள்வியை இந்த வழியிடம் கேட்டுப் பாருங்கள். ஆள் எவ்வளவு முடியாமல் இருக்கிறாரோ அவ்வளவு சத்தமாக இந்த வழி பேசும். கமிட்டி இதற்கு நேர் எதிர். இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. பாஷின் ஆய்வில் எச்சரிக்கை வந்ததில் 77 சதவீதத்துக்கு நர்ஸ்கள் ஏதாவது ஒன்று செய்தார்கள். மருந்தை மாற்றினார்கள், டாக்டரிடம் அனுப்பினார்கள், எப்படிச் சமாளிப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த நர்ஸ் இல்லாமல் ஆப் மட்டும் வாங்கிவைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். "உங்கள் வலி 8 என்று பதிவாகியுள்ளது, நன்றி" என்று பதில் வரும். அதற்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம்.

இதன் பலவீனம், ஒவ்வொருவரின் கஷ்டமும் தனித்தனியாகத் தீர்ந்துவிட்டு அமைப்பு அப்படியே இருப்பது. அதைத் தவிர்க்க, மாதம் ஒருமுறை எல்லா எச்சரிக்கைகளையும் ஒன்றாக அடுக்கிப் பார்க்க வேண்டும், நோயாளி ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கள் பிரிவில் அப்படிப் பார்த்தபோது சனி, ஞாயிறு ராத்திரிகளில் குவிந்திருந்தது. இது எங்களுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஆய்வுக்கு எந்தக் கேள்விகள் முக்கியம் என்று நோயாளிகள், வீட்டார், மருத்துவப் பணியாளர்கள் மூவரையும் சேர்த்துக் கேட்பதற்காக ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்று ஒன்று இங்கிலாந்தில் 2004 முதல் இயங்குகிறது. தணிப்புச் சிகிச்சை பற்றி அவர்கள் கேட்டபோது 1,403 பேர் பதில் அனுப்பினார்கள். 2015 ஜனவரியில் வந்த பத்துக் கேள்விகளில் முதலிடம், அலுவலக நேரத்துக்கு வெளியே எப்படிப் பராமரிப்பது என்பதற்கு. புது மருந்துக்கு அல்ல, ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு.

நோயாளிகள் தாங்களே ஆரம்பிப்பது

மருத்துவமனை கூப்பிடும்வரை காத்திருக்காத வழியும் உண்டு. ஆன் லோசர் என்பவர் பரவிய மார்பகப் புற்றுநோயுடன் வாழ்ந்தவர். மருந்தளவு ஏன் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டு அவரும் சக நோயாளிகளும் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாங்கக்கூடிய உச்ச அளவைக் கொடுப்பது என்ற வழக்கம், சில மாதங்களில் முடிந்துவிடும் கீமோவுக்காக வந்தது. தினமும், வருஷக்கணக்கில் போடும் மாத்திரைக்கு அதே கணக்கு எப்படிப் பொருந்தும்? மூன்று மாதம் தாங்கிக்கொள்ளும் வயிற்றுப்போக்கை மூன்று வருஷம் தாங்க முடியாது. 2020-இல் 1,221 நோயாளிகளிடம் அவர்களே கருத்தாய்வு நடத்தி, 2021-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் ஆண்டு மாநாட்டில் முன்வைத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் புற்றுநோய் மருந்தளவை மறுபரிசீலனை செய்யும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

சுதந்திரத்தில் இதை மிஞ்ச வேறு வழி இல்லை. கேள்வியே நோயாளியுடையது. ஆனால் ஒரு பிரிவின் தலைவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் வழி இல்லை இது. இப்படிக் குழு இருந்தால் மதித்து, அவர்கள் கேட்கும் தகவலைக் கொடுக்கலாம். தானே ஒன்றை உருவாக்கி அதற்குச் சுதந்திரக் குழு என்று பெயர் வைக்காமல் இருக்கலாம்.

வீட்டார் வேறு, நோயாளி வேறு

"நோயாளி/குடும்பம்" என்று ஒரே கோடு போட்டு எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். 1991-இல் கனடாவின் எட்மன்டனில் உருவான அறிகுறிப் படிவம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தொல்லைக்கும் 0 முதல் 10 வரை எண் சொல்ல வேண்டும். ஒருநாள் நர்ஸ் கேட்டபோது அக்கா வலிக்கு 3 என்றாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பிடிக்க அம்மா வெளியே போனதும் அக்கா குரலைத் தாழ்த்தி, "7-னு போட்டுக்கோங்க" என்றாள். அந்த நர்ஸ் கெட்டிக்காரி, அதற்குப் பிறகு எப்போதும் அம்மாவை எதற்காவது வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்.

அம்மாவுக்கும் இப்படித் தனியாகச் சொல்ல வேண்டியது இருந்திருக்கும். ராத்திரி தூக்கம் இல்லை, முதுகு போய்விட்டது, மருந்து நேரம் தப்பிவிடுமோ என்று பயம். மகள் முன்னால் இதை எந்தத் தாய் சொல்வாள்? எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரு தரப்புக்கும் தனித்தனி நேரம் வேண்டும். கூட்டு வடிவமைப்பில் இது சுலபம், பேட்டிகளே தனித்தனியாகத்தான் நடக்கும். வாராந்தர அறிகுறிப் பதிவில் வீட்டாருக்கென்று இரண்டு கேள்விகள் சேர்த்தால் போதும். கமிட்டியில்தான் இது மிகக் கஷ்டம். கணவன், மனைவி இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டு உண்மையை எதிர்பார்க்கிறோம்.

ஆள் போன பிறகு வீட்டாரிடம் கேட்பதும் ஒரு வழிதான். இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை, இறந்தவர்களின் உறவினர்களிடம் கடைசி மூன்று மாதப் பராமரிப்பு பற்றித் தேசிய அளவில் கேட்டார்கள். நோயாளியால் சொல்லவே முடியாத கடைசி நாட்களைப் பற்றி வேறு யார் சொல்வது? உடனே கேட்கக் கூடாது, சில மாதம் விட்டுக் கேட்க வேண்டும். அச்சடித்த கடிதத்துக்குப் பதில், தெரிந்த நர்ஸ் ஒருவர் போன் செய்தால் நல்லது. எனக்கு ஐந்தாம் மாதம் போன் வந்தது. முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதி அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும், மீதி எனக்கு.

அப்படியானால் எதை எடுப்பது

ஆளும் பணமும் குறைவாக உள்ள பிரிவு என்றால் யோசிக்கவே வேண்டாம், வாராந்தர அறிகுறிப் பதிவு. ஆப் வேண்டாம், போன் போதும். பதில் சொல்ல ஒரு நர்ஸின் நேரத்தை உறுதியாக ஒதுக்க முடியாவிட்டால் தொடங்கவே வேண்டாம். தொடங்கிவிட்டு எடுக்காமல் விடும் போன், இல்லாத போனைவிட மோசம்.

மாற்றும் அதிகாரம் உள்ள தலைவர் ஒருவர், முதல் நாளிலிருந்து அறையில் உட்காரச் சம்மதிக்கிறார் என்றால் கூட்டு வடிவமைப்பு. சுருக்கமான வடிவமே போதும். முழு வருஷ வடிவத்தை எடுத்துக்கொண்டால் படத்தைப் பார்க்கப் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். தலைவர் சம்மதிக்கவில்லை என்றால் இதைத் தொடாதீர்கள். மனசைத் திறந்து பேசியவர்களுக்குப் பதில் இல்லாமல் போவது படிவத்தைக் குப்பையில் போடுவதைவிடப் பெரிய துரோகம்.

கமிட்டி இவற்றுக்குப் பிறகு, ஒரு வருஷம் கழித்து வரட்டும். அதற்குள் யார் பேசுவார்கள், எதைப் பேச வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பதிவுகளையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு "போன தடவை சொன்னது என்ன ஆயிற்று?" என்று கேட்கும் வேலைக்குக் கமிட்டி நன்றாகவே பொருந்தும். அந்த வேலைக்கு வீட்டாரும், நோயாளியை இழந்தவர்களும்கூடப் போதும்.

படிவம் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கும். எங்கள் பிரிவில் 11-வது கேள்வியை மாற்ற இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அது "உங்கள் சிகிச்சை தொடர்ந்து நடக்கிறதா, முடிந்துவிட்டதா?" என்று தொடங்கி, பதிலுக்கு ஏற்ப இரண்டாகப் பிரிகிறது. கூட்டக் குறிப்பில் வந்தார், வரவில்லை என்பதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். முடிவாகவில்லை. கட்டம் மட்டும், மேலே பெயர் இல்லாமல், இருக்கிறது.